தழும்பில்லாத ஆபரேஷன்

என் உடம்பில் ஒரு தழும்பும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் செய்துகொண்ட எல்லோரிடமும் காட்டுவதற்கு ஏதாவது இருந்தது. குடல்வால் எடுத்த சின்னம்மாவுக்கு வயிற்றில் ஒரு சாண் கோடு. சிறுநீரகக் கல்லை எடுத்துக்கொண்ட பெரியப்பா அதை மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் கைக்குக் காபி வருவதற்கு முன்னால் அந்தக் கல் வந்துவிடும். எனக்கு நெஞ்சுக்குள்ளேயே வேலை நடந்தது. காட்ட ஒன்றுமில்லை. ஓர் ஊசிக் குத்து இருந்தது, அதுவும் தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தில். பதினேழு வயதுப் பெண் அதை யாருக்குக் காட்டுவாள்?

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில், கரும்புக் காட்டுக்குள் இருந்தது. அப்பா நாமக்கல் ரோட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். அம்மாவுக்கு இரண்டு எருமை, கொஞ்சம் நிலம், நான். இதில் மிகவும் தொந்தரவு கொடுத்தது நான்தான்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போது இதயத்திலிருந்து புறப்படுகிற இரண்டு பெரிய ரத்தக் குழாய்களுக்கு நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்குமாம். பிறந்த சில நாட்களில் தானாக மூடிக்கொள்ளுமாம். எனக்கு மூடவில்லை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் கொஞ்சம் குறுக்கு வழியில் திரும்பி நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. சேலத்து டாக்டர் இதைக் காகிதத்தில் வரைந்து வரைந்து விளக்கினார். ஊருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "இதயத்துல ஓட்டை" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுவே பெயராகவும் ஆனது.

குறுக்கே பாய்கிற அந்த ரத்தம் சும்மா பாயவில்லை, சத்தம் போட்டுக்கொண்டு பாய்ந்தது. டாக்டருக்குத்தான் அதைக் கேட்கக் குழாய் வேண்டும். அம்மாவுக்குக் கையே போதும். என் இடது தோளெலும்புக்குக் கீழே உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். காட்டில் மோட்டார் ஓடும்போது தண்ணிக் குழாயைத் தொட்டால் கையில் தெரியுமே, அது மாதிரி. துடிப்பு தனி, இது தனி. துடிப்புக்கு நடுவில் கூட இது நிற்காது.

தினமும் விடியற்காலையில் பால் கறக்கப் போகும் முன் அம்மா வந்து என் நெஞ்சில் கை வைப்பாள். நான் விழித்திருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன். அந்த அதிர்வு கையில் தட்டியதும் "ம்" என்று ஒரு பெருமூச்சு வரும். அப்புறம்தான் சொம்பு எடுக்கும் சத்தம் கேட்கும். பதினேழு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கூட எழுந்து வந்து வைத்துவிட்டுத்தான் மறுபடி படுத்தாள்.

எனக்கு விதிக்கப்பட்டவை: ஓடக்கூடாது, குடம் தூக்கக்கூடாது, ஆற்றில் இறங்கக்கூடாது, பயப்படக்கூடாது, அதிகமாகச் சிரிக்கக்கூடாது. ஆடிப் பதினெட்டுக்கு மோகனூர் ஆற்றுக்குப் போனால் மற்ற பெண்களெல்லாம் காவிரிக்குள் குதிப்பார்கள். நான் கரையில் உட்கார்ந்து அவர்கள் துணிமணிக்குக் காவல். பள்ளியில் விளையாட்டு நேரத்தில் செருப்புகளுக்குக் காவல். நாட்டில் என் அளவுக்குச் செருப்பைக் காத்தவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் வேலை செய்யாத பிள்ளை என்று யாரும் திட்டியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சுகத்தை நான் வேண்டிய மட்டும் அனுபவித்தேன்.

எழுபதுகளில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, சேலத்து டாக்டர் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்.

"சின்ன ஆபரேஷன்தாம்மா. இதயத்தைக் கூடத் தொட வேண்டியதில்லை. பக்கவாட்டுல திறந்து, அந்தக் குழாயைக் கட்டி விட்டுடுவாங்க."

"எத்தாச்சோடு சின்னதுங்க?" என்று அம்மா அளவு கேட்டாள்.

டாக்டர் என்னைத் திருப்பி நிறுத்தி, அக்குளுக்குக் கீழே விரலை வைத்து, முதுகுப் பக்கமாகக் கோடு இழுத்தார். விரல் போய்க்கொண்டே இருந்தது. அது நிற்பதற்குள் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"பொட்டப்புள்ளைங்க. நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போற ஒடம்பு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பாவும் மறுக்கவில்லை. அவருக்கு வேறு காரணம் இருந்தது. ஒரு தடவை பிரித்து மாட்டிய இஞ்சின் எதுவும் கம்பெனியில் வந்தது மாதிரி ஓடாது என்பது அவர் கொள்கை. அவர் வாழ்நாள் முழுக்க இஞ்சினைப் பிரித்து மாட்டித்தான் எங்களுக்குச் சோறு போட்டார் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆக, தழும்பு விழுந்தால் கல்யாணம் ஆகாது என்று என்னை மூச்சிரைக்க விட்டுவைத்தார்கள். மூச்சிரைக்கிற பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்ற கேள்வி யாருக்கும் தோன்றவில்லை.

பத்து வருஷம் போனது. பிளஸ் டூவில் நான் நல்ல மார்க் எடுத்துத் தொலைத்தேன். ஓட முடியாதவள் படிக்காமல் என்ன செய்வாள்? சேலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. எனக்கு அந்தக் கல்லூரி வேண்டும். வேறெதுவும் அந்த வயதில் அவ்வளவு வெறியோடு எனக்கு வேண்டியிருக்கவில்லை. செருப்புக்கும் துணிக்கும் காவல் இல்லாத ஓர் இடம், என் பெயர் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர்கள்.

கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தை அம்மா தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்த நெஞ்சுச் சத்தம் நிக்கட்டும் சாமி. நின்னுபோச்சுன்னா நீ சேலம் என்ன, சீமைக்கே போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

நிற்காது என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது.

அந்த மாதம் மாத்திரைக்காகச் சேலம் போனபோது அதே டாக்டர், இப்போது தலை நரைத்தவர், புதிய செய்தி வைத்திருந்தார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், வெட்டாமலே மூடுகிறார்களாம். தொடையில் ஊசி போட்டு, ரத்தக் குழாய் வழியாக மெல்லிய டியூப் ஒன்றை இதயம் வரை ஏற்றி, அதற்குள் மடக்கி வைத்த குட்டிக் குடையை அந்த இடத்தில் கொண்டுபோய் விரித்துவிடுவார்களாம். குடை அடைத்துக்கொள்ளுமாம்.

அப்பா வெகுநேரம் யோசித்தார். "ஏனுங்க டாக்டர், பானட்டத் தொறக்காம, சைலென்சர் வழியா கம்பிய உட்டு இஞ்சின் வேலை பாக்கறேன்னா நான் நம்புவேனுங்களா?"

"நீங்க நம்ப வேண்டாம். கூட்டிட்டுப் போங்க, போதும்" என்றார் டாக்டர்.

"தழும்பு வருங்களா?" அம்மா கேட்டது அது ஒன்றுதான்.

"ஒரு கொசுக்கடி அளவு."

அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் மெட்ராஸுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். எருமை வேற்று ஆளுக்குப் பால் விடாது என்றாள். பயந்துவிட்டாள் என்பது எருமைக்குக் கூடத் தெரிந்திருக்கும். அப்பாவும், துணைக்கு அவருடைய அக்காவான என் அத்தையும் என்னோடு வந்தார்கள்.

ஆபரேஷன் என்று நான் கற்பனை செய்து வைத்திருந்த எதுவும் அங்கே நடக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்துச் சாய்ப்பார்கள் என்று நினைத்தேன். தூக்கக் கலக்கத்துக்கு ஓர் ஊசி மட்டும் போட்டார்கள். குளிரான அறை. தலைக்கு மேல் ஒரு பெரிய எக்ஸ்ரே மெஷின். பக்கத்தில் டிவி மாதிரி ஒரு பெட்டி, அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. அது என் இதயம் என்று ஒரு நர்ஸ் சொன்னார். நிழலில் அது அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. தொடையில் சுருக்கென்றது. அப்புறம் ஓர் அழுத்தம் மட்டும்.

"எந்த ஊரும்மா?" என்று டாக்டர் பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாமக்கல் பக்கமுங்க."

"முட்டை ஊரா?"

என் இதயத்துக்குள் கம்பி நுழைந்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் கோழிப்பண்ணையைப் பற்றிப் பேசினோம். பெட்டிக்குள் ஒரு மெல்லிய கோடு ஊர்ந்து வந்து நின்றது. அதன் நுனியில் ஏதோ விரிந்தது, பிறகு இன்னொன்று விரிந்தது. டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். சிரித்தார். பக்கத்தில் இருந்த சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து கேட்டுவிட்டு, "ஒண்ணுமே கேக்கல சார்!" என்று குதூகலித்தார்கள். ஒன்றும் கேட்காததற்காக இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

தொடை மேல் ஒரு மணல் மூட்டையை வைத்து, காலை அசைக்காதே என்று சொல்லி வார்டில் போட்டார்கள். அத்தைக்கு மகா ஏமாற்றம். ஆபரேஷன் அறை வாசலில் உட்கார்ந்து அழுவதற்காகத் தயாராக வந்தவள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னபோது அவள் இன்னும் வெற்றிலை கூடப் போட்டு முடிக்கவில்லை. "இதென்ன ஆபரேசன்? எங்கூட்டு எருமைக்குச் சினை ஊசி போடக்கூட இத்தன நேரமாகும்" என்றாள்.

அப்பாதான் எங்களை எல்லாம் மிஞ்சினார். லாரிப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் எந்தச் சாமானை மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. பழைய சாமானைக் கொடுக்காத மெக்கானிக் எதையும் மாற்றவில்லை என்று அர்த்தம். அப்பா இந்த விஷயத்தில் சுத்தக்காரர். டாக்டர் வார்டுக்கு வந்தபோது அவர் மஞ்சள் பையைப் பிரித்துப் பிடித்தபடி எழுந்து நின்றார்.

"ரொம்பச் சந்தோசமுங்க. அந்தப் பழைய சாமானக் குடுத்தீங்கன்னா ஊர்ல காட்டிருவேன்."

டாக்டருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. "எதையும் எடுக்கலைங்க. உள்ளே ஒண்ணைப் புதுசா வெச்சிருக்கோம், அவ்வளவுதான்."

"எடுக்காம எப்படிங்க சரியாகும்?"

டாக்டர் ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு பிரதியை அவர் அப்பாவிடம் நீட்டினார். என் விலா எலும்புகளுக்கு நடுவில் வளைந்த ஊக்கு மாதிரி சின்னதாக ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. "இதாங்க குடை" என்றார். அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேலை சுத்தமாத்தான் இருக்குது" என்று ஒப்புக்கொண்டார்.

நாங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். அம்மா சாணிக் கையோடு ஓடி வந்தாள். பாதி வழியில் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக நெஞ்சில் கை வைத்தாள்.

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். கை கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது, வலப்பக்கம் கூடப் போனது. முகம் வெளுத்தது.

"ஏனுங்க! சத்தத்தக் காணமுங்க! புள்ளைக்கு நெஞ்சு நின்னுபோச்சுங்க!"

நான் அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் பையும் இன்னொரு கையில் சாத்துக்குடியும் இருந்தன. "அம்மா, தாகமா இருக்குது, தண்ணி குடு" என்று கூடச் சொன்னேன். எடுபடவில்லை. அம்மா நடுத்தெருவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். கூட்டம் கூடிவிட்டது. அத்தைக்கு மெட்ராஸில் கிடைக்காத வாய்ப்பு இங்கே கிடைத்தது. அவளும் உட்கார்ந்து அழுதாள்.

சத்தம்தான் நோய், சத்தம் நின்றால் குணம் என்று அம்மாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்கள். அவளே அதை வைத்து எனக்கு வாக்கும் கொடுத்திருந்தாள். காதுக்குத் தெரிந்த அந்த விஷயம் கைக்குத் தெரியவில்லை.

அடுத்த ஒரு வாரம் விருந்தாளிகள் வந்தார்கள். ரொட்டி வந்தது, சாத்துக்குடி வந்தது. எல்லோரும் ஆறுதல் சொன்ன கையோடு, "எங்க, தையலக் காட்டு பாக்கலாம்" என்றார்கள். தையல் இல்லை என்றதும் ரொட்டி வாங்கி வந்ததற்காக வருத்தப்படுவது முகத்தில் தெரிந்தது. அப்பா பட்டறையில் எக்ஸ்ரேயைக் கம்பியில் மாட்டி, வருகிற டிரைவர்களுக்கெல்லாம் காட்டினார். சாட்சி காட்டி ஊர் வாயை அடைக்கிற எண்ணம். நடந்தது வேறு. டிரைவர்கள் அந்த வளைந்த வெள்ளையை உற்றுப் பார்த்தார்கள். நான்காம் நாள் சந்தையில் பேச்சு இப்படியாக இருந்தது: "பட்டறைக்காரர் மகளுக்கு மெட்ராஸ்ல ஆபரேசன் பண்ணி, நெஞ்சுக்குள்ள ஊசிய மறந்து உட்டுட்டாங்களாம். பாவம், படத்தக் கூட மாட்டி வெச்சிருக்காரு."

இதைக் கேட்டதும் அம்மா முடிவுக்கு வந்துவிட்டாள். சேலம் கிடையாது.

"நின்னா அனுப்பறேன்னு சொன்னியே?"

"அது வேற. இப்ப உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னே தெரீலியே சாமி. முன்னயாவது கைக்குத் தெரியும். அங்க ஆஸ்டல்ல போயி ஒண்ணு ஆச்சுன்னா?"

ஓட்டை இருந்தபோது ஓட்டைக்காக அனுப்பவில்லை. இப்போது ஓட்டை இல்லாததற்காக. அப்பாவைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் சேர இன்னும் நான்கு நாள் இருந்தது. எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. அப்படிக் கோபப்படவும் முன்பு எனக்கு அனுமதி கிடையாது.

மறுநாள் காலை நான் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபைப்புக்குப் போனேன். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். "வெச்சுரு சாமி, வெச்சுரு கண்ணு." நான் அடித்தேன். நிரம்பியது. இடுப்பில் தூக்கி வைத்தேன். கோணலாகத்தான் நடந்தேன், தண்ணீர் பாதி என் மேல்தான் வழிந்தது. பழக்கமில்லை. ஆனால் மூச்சு வாங்கவில்லை. அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, விழப்போகிற குடத்தைப் பிடிப்பவள் மாதிரி என் பின்னாலேயே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று குடம். மூன்றாவதை இறக்கி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தேன்.

"இல்ல" என்றாள் அம்மா. "சத்தமே இல்ல சாமி." கண்ணில் நீர் முட்டியது.

அதே கையைப் பிடித்து அவளுடைய நெஞ்சில் வைத்தேன்.

"உனக்கு இருக்குதா?"

அம்மா நின்றாள். கையை அழுத்தினாள். இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பாவின் நெஞ்சில் கை வைத்தாள். அப்பா பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். அங்கேயும் இல்லை. எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்த அத்தையை எழுப்பி அவள் நெஞ்சிலும் வைத்தாள். "என்னடி பண்ற?" என்று அத்தை கத்தினாள்.

பதினேழு வருஷத்தில் அம்மா என் நெஞ்சைத் தவிர வேறு யார் நெஞ்சிலும் கை வைத்ததில்லை. அதற்கு அவளுக்கு நேரமும் இருந்ததில்லை. சும்மா இருக்கிற இதயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

திரும்பி வந்து ஈரத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எல்லாருக்கும் இப்படித்தானா?" என்றாள். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "அப்ப இத்தன வருசமா, விடிஞ்சா விடிஞ்சா நான் கையி வெச்சு நிம்மதிப்பட்டது உன்ற நோவத்தானா சாமி?"

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டேன்.

கல்லூரியில் சேர வேண்டிய நாளில் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ்ஸில் ஏறினேன். அப்பா கூட வந்தார், எக்ஸ்ரேயைப் பையில் வைத்துக்கொண்டு. விடுதிக் காப்பாளர் கேட்டால் காட்டலாமாம். அன்று விடியற்காலையில் அம்மா என்னிடம் வரவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். சொம்புச் சத்தம் மட்டும் கேட்டது. பஸ் ஸ்டாண்டிலும் என்னைத் தொடவில்லை. "வேளைக்குச் சாப்பிடு. தண்ணிக் குடம் ரண்டுக்கு மேல தூக்காத" என்றாள்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் அம்மா தன் நெஞ்சிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், ஏதாவது கேட்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி. தாவணிக்கு உள்ளே கையை விட்டு நானும் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். டாக்டர்கள் குதூகலித்தது சரிதான், ஒன்றுமே இல்லை. நான் விரும்பிக் கேட்டு, அடம்பிடித்து வாங்கிக்கொண்ட பயணம் அது. பாதி வழியில் வரும் ஆண்டகளூர் கேட் வரை அழுதுகொண்டே போனேன்.